தோல், முடி, நகம்: மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிக்கும் வழி

தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிற ஒருவர், சீட்டில் 'டெர்மடைட்டிஸ்' என்று எழுதியிருப்பதைக் காட்டி, ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது என்று பயந்துபோய்க் கேட்கிறார். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'டெர்மட்' என்றால் தோல், 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. தோல் சிவந்து தடித்து எரிகிறது என்று அவர் தமிழில் சொன்னதைத்தான் மருத்துவர் கிரேக்கச் சொல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது ஏன் வந்தது என்பது அந்தச் சொல்லில் இல்லை. சோப்பு ஒத்துக்கொள்ளாமல் வந்ததா, பரம்பரையாக வந்ததா, இரண்டும் இல்லையா என்பதைச் சொல்ல அதற்கு முன்னால் இன்னொரு சொல் வந்து நிற்க வேண்டும்.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையே கற்றும் கொடுக்கிறேன். எந்தத் துறையின் சொற்களையும் பழகிக்கொள்ளலாம், ஆனால் தோல் துறையைக் கண்டால் பலரும் மிரண்டு போகிறார்கள், ஏனென்றால் பெயர்கள் ஏராளம், ஒன்றுபோலவே ஒலிப்பவையும் நிறைய. மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தோல் துறைப் பெயர்களில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்ததை எழுதி வைத்த குறிப்புகள். எங்கே இருக்கிறது, என்ன நிறம், என்ன வடிவம் என்பவைதான் அதிகம் வரும். காரணத்தைச் சொல்கிற பெயர்கள் கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லைப் பார்க்கும்போதும் 'இது இடத்தைச் சொல்கிறதா, தோற்றத்தைச் சொல்கிறதா, காரணத்தைச் சொல்கிறதா' என்று கேட்டுப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: விரலும் அளவுகோலும்

எல்லோரும் வேர்ச்சொல் பட்டியலில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. முதலில் தோலில் என்ன தெரிகிறது என்பதற்கான பத்துப் பதினைந்து சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள், கிரேக்கமும் லத்தீனும் அப்புறம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லான் தோல் நோய்களை வகைப்படுத்த உட்கார்ந்தபோது செய்ததும் இதைத்தான். கிருமிகளைப் பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது. அதனால் கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை வைத்து 8 வகையாகப் பிரித்தார். அவர் கையாண்ட சொற்களில் பல இன்றைய அறிக்கையிலும் அப்படியே வருகின்றன.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, கண்ணைத் திறந்தால் மட்டும் நிறம் மாறியிருப்பது தெரிகிறது என்றால் அது மேக்யூல். அதுவே 1 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பேட்ச். விரலுக்குத் தட்டுப்படுகிறது, சின்னதாக இருக்கிறது என்றால் பாப்யூல். 1 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, மேல்பக்கம் தட்டையாகப் பரவியிருந்தால் பிளேக். தோலுக்குள் ஆழமாக வேர் விட்டதுபோல் உருண்டு நின்றால் நோட்யூல். சில புத்தகங்கள் 1 சென்டிமீட்டருக்குப் பதிலாக அரை சென்டிமீட்டரை எல்லையாக வைத்திருக்கும், அதனால் நீங்கள் வேலை செய்கிற இடத்தில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

உள்ளே திரவம் இருந்தால் வேறு பெயர்கள். தெளிந்த நீர் கட்டிய சின்னக் கொப்புளம் வெசிக்கிள், பெரிய கொப்புளம் புல்லா, சீழ் கட்டியிருந்தால் பஸ்டியூல். பூச்சி கடித்ததுபோல் தடித்துக் கிளம்பி, அதே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் அடங்கிவிடுகிற தடிப்பு வீல். இந்த 'ஒரு நாளுக்குள் அடங்குவது' என்பதுதான் அதன் அடையாளம். அர்ட்டிக்கேரியாவில் வருவது இதுதான். நாம் காணாக்கடி என்போமே, அது. இங்கே மறைந்து அங்கே கிளம்புவதால் மூன்று நாளாக இருக்கிறது என்று நோயாளி சொல்வார், ஆனால் மூன்று நாளும் அதே தடிப்பு இல்லை.

புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிற இரண்டு ஜோடிகள் உண்டு. ஸ்கேல், கிரஸ்ட் என்பது முதல் ஜோடி. ஸ்கேல் என்பது செதில், காய்ந்து உதிர்கிற மேல்தோல். கிரஸ்ட் என்பது பொருக்கு, அதாவது கசிந்த நீரோ ரத்தமோ சீழோ காய்ந்து ஒட்டிக்கொண்டது. பொடுகு செதில், முழங்கால் சிராய்த்த இடத்தில் இரண்டு நாள் கழித்து இருப்பது பொருக்கு. எரோஷன், அல்சர் என்பது அடுத்த ஜோடி. எரோஷன் மேல்தோலோடு நின்றுவிடும், ஆறினால் தழும்பு இருக்காது. அல்சர் அதற்குக் கீழே உள்ள டெர்மிஸ் வரை போய்விட்ட புண், ஆறினாலும் தழும்பு விடும். இந்த இரண்டு சொற்களை மாற்றி எழுதினால் புண்ணின் ஆழமே மாறிப்போகிறது.

நகத்தால் சொறிந்த கீறல் எக்ஸ்கோரியேஷன். நேர்கோடாக வெடித்தால் ஃபிஷர், குதிகால் வெடிப்பு இதற்கு நல்ல உதாரணம். சொறிந்து சொறிந்து தோல் தடித்து, அதன் வரிகள் ஆழமாகத் தெரிந்தால் லைக்கெனிஃபிகேஷன். இந்தச் சொல்லை ஓர் அறிக்கையில் பார்த்தால் அந்த மனிதர் மாதக்கணக்கில் அரிப்போடு வாழ்ந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: மூன்று வேர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம்

தோல், முடி, நகம் ஒவ்வொன்றுக்கும் கிரேக்கத்தில் இருந்து ஒன்றும் லத்தீனில் இருந்து ஒன்றுமாக இரண்டு வேர்கள் வந்திருக்கின்றன. தோலுக்குக் கிரேக்கம் டெர்மா, லத்தீன் கியூட்டிஸ். முடிக்கு ட்ரைக்கோ, பைலோ. நகத்துக்கு ஆனிக்கோ, உங்குவிஸ். பொதுவாக நோய்ப் பெயர்களில் கிரேக்கமும், உறுப்பு அல்லது இடத்தின் பெயர்களில் லத்தீனும் அதிகம் வரும். முழுக்க அப்படி என்று சொல்ல முடியாது, ஆனால் ஊகிக்க உதவும்.

டெர்மிஸ் என்பது உண்மையான தோல், அதற்கு மேலே இருப்பதால் எபிடெர்மிஸ், கீழே இருப்பதால் ஹைப்போடெர்மிஸ். கீழே என்பதை லத்தீனில் சொன்னால் 'சப்', எனவே ஹைப்போடெர்மிக், சப்கியூட்டேனியஸ் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், தோலுக்கு அடியில். ஊசி போடுகிற இடத்தில் இது உயிர் காக்கிற விஷயம். இன்ட்ராடெர்மல் என்றால் தோலின் கனத்துக்குள்ளேயே, பி.சி.ஜி. தடுப்பூசிபோல. சப்கியூட்டேனியஸ் என்றால் தோலைத் தாண்டிக் கொழுப்புப் படலத்தில், இன்சுலின்போல. இதை 'எஸ்.சி.' என்று சுருக்கிக் கையால் எழுதினால் நாக்குக்கு அடியில் என்பதைக் குறிக்கும் 'எஸ்.எல்.' மாதிரித் தெரிந்துவிடும், அதனால் முழுச் சொல்லாகவே எழுதச் சொல்கிறேன்.

கெரட்டோ என்ற வேர் எனக்குப் பிடித்த ஒன்று. கிரேக்கத்தில் கொம்பு என்று பொருள். மாட்டுக் கொம்பு, நம் நகம், முடி, தோலின் மேற்புறம் எல்லாவற்றிலும் இருக்கிற கடினமான புரதம் கெரட்டின். எபிடெர்மிஸின் உச்சிப் படலத்துக்கு ஸ்ட்ரேட்டம் கார்னியம் என்று பெயர், லத்தீனில் அதற்கும் 'கொம்புப் படலம்' என்றுதான் பொருள். ஆனால் இதே வேர் கண்ணின் கருவிழிப் படலத்தையும் குறிக்கும். கெரட்டோசிஸ் என்றால் தோல் தடிப்பு. கெரட்டைட்டிஸ் என்றால் கண் நோய். ஒலியில் ஒரு சின்ன வித்தியாசம்தான், நோயாளி போக வேண்டிய துறையே வேறு.

நிறங்களை ஒரே மூச்சில் கற்றுவிடலாம்: எரித்ரோ சிவப்பு, லூக்கோ வெள்ளை, மெலனோ கறுப்பு, ஸான்தோ மஞ்சள், சயனோ நீலம். தன்மைகளில் ஜீரோ என்று ஒலிக்கிற வேர் ஒன்று உண்டு, பூஜ்யத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை, அது வறட்சி. ஜீரோசிஸ் என்றால் வறண்ட தோல். மை இல்லாமல் உலர்ந்த பொடியால் நகலெடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்துதான். இக்தியோ என்றால் மீன், ஆகவே இக்தியோசிஸ் என்றால் மீன் செதில்போலத் தோல் ஆகிவிடுகிற நோய். பாக்கி தடிப்பு, ஸ்க்ளீரோ இறுக்கம், மைக்கோ பூஞ்சை, செபோ தோலின் எண்ணெய்ப் பசை.

ஹைட்ரோ, ஹிட்ரோ என்று இரண்டு இருக்கின்றன, இதில் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டில் 'எச்' எழுத்துக்குப் பின் 'ஒய்' வந்தால் தண்ணீர், 'ஐ' வந்தால் வியர்வை. ஹைப்பர்ஹிட்ரோசிஸ் என்றால் அளவுக்கு மீறிய வியர்வை. பல மருத்துவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பார்கள், காதை நம்பாமல் பொருளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

காதை நம்பி நான் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். முகத்தில் ஒரு குழந்தைக்கு 'ஹைப்போபிக்மென்டட்' என்று மருத்துவர் சொன்னதை 'ஹைப்பர்' என்று கேட்டு எழுதிவிட்டேன். வெளுத்த திட்டு, கறுத்த திட்டாக அறிக்கையில் போய்விட்டது. கையெழுத்துப் போடும்முன் மருத்துவர் படித்ததால் திருத்தப்பட்டது. ஹைப்போ குறைவு, ஹைப்பர் அதிகம், ஒலி கிட்டத்தட்ட ஒன்று, பொருள் நேர் எதிர். அன்றிலிருந்து இந்த இரண்டு முன்னொட்டு வரும் இடத்தில் மட்டும் ஒலிப்பதிவைப் பின்னால் ஓட்டி இரண்டாம் முறை கேட்காமல் நான் நகர்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மூன்றாம் படி: வால் என்ன சொல்கிறது

ஐட்டிஸ் அழற்சி, ஓசிஸ் ஒரு நிலை, ஓமா கட்டி அல்லது வீக்கம், லைசிஸ் பிரிந்து போவது, ரியா வழிவது, ஃபேஜியா தின்பது, எக்டமி வெட்டி எடுப்பது, பிளாஸ்டி சீரமைப்பது. ஆனிக்கோஃபேஜியா என்று பயமுறுத்துகிற சொல்லைப் பிரித்தால் நகம் கடிப்பது, அவ்வளவுதான்.

ஓமா என்று முடிந்தாலே புற்றுநோய் என்று நினைத்துவிடாதீர்கள். லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, தொந்தரவு இல்லாதது. ஹீமட்டோமா ரத்தம் கட்டிய வீக்கம், கட்டி வகையிலேயே சேராது. மெலனோமாவோ எப்போதும் புற்றுநோய். வால் ஒன்றுதான், ஆனால் நல்லதா கெட்டதா என்பதை வால் சொல்லாது.

அரிப்புக்கு உள்ள சொல் ப்ரூரைட்டஸ். இதை 'ப்ரூரைட்டிஸ்' என்று எழுதாத புதியவரை நான் பார்த்ததே இல்லை. அங்கே அழற்சியைக் குறிக்கும் வாலே கிடையாது, 'டஸ்' என்பது லத்தீன் சொல்லின் இயல்பான முடிவு. அரிப்பு அழற்சி இல்லாமலும் வரும். கல்லீரல் நோயில் தோல் பார்க்க நன்றாக இருக்கும், உடம்பு முழுக்க அரிக்கும். அதனால் இந்த ஓர் எழுத்து வெறும் எழுத்துப்பிழை இல்லை.

இடத்தைச் சொல்கிற வால்கள் தனி. டீனியா என்ற பூஞ்சைத் தொற்றை எடுத்துக்கொண்டால், தலையில் வந்தால் டீனியா கேப்பிட்டிஸ், உடம்பில் கார்ப்பொரிஸ், தொடை இடுக்கில் க்ரூரிஸ், காலில் பீடிஸ், நகத்தில் உங்குவியம், தாடியில் பார்பே. ஒரே நோய், முகவரி மட்டும் மாறுகிறது. கால்விரல் இடுக்கில் வருகிற சேற்றுப்புண் பெரும்பாலும் இந்த டீனியா பீடிஸ்தான். இங்கே ஒரு வழுக்குப்பாறை: பீடிஸ் என்றால் பாதம், பெடிகுலோசிஸ் என்றால் பேன் தொல்லை, பீடியாட்ரிக் என்றால் குழந்தைகளுக்கானது. குழந்தையின் தலையில் பேன் என்ற ஓர் அறிக்கையில் இவற்றில் இரண்டு சேர்ந்தே வரும்.

'வல்காரிஸ்' என்று வந்தால் ஏதோ அசிங்கம் என்று நினைக்க வேண்டாம், சாதாரணமானது, பரவலாகக் காணப்படுவது என்று பொருள். ஆக்னே வல்காரிஸ் என்றால் எல்லோருக்கும் வருகிற முகப்பரு.

நான்காம் படி: பொய் சொல்கிற பெயர்கள்

இதுவரை சொன்னபடி பிரித்துப் படித்தால் பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் சில பெயர்களில் உதை வாங்குவோம். பெயர் வைத்தவர் கண்ணால் பார்த்ததை வைத்துக் காரணத்தை ஊகித்திருப்பார், அந்த ஊகம் பின்னால் தவறாகியிருக்கும், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்பதில் பூஞ்சை என்ற பொருள் இரண்டு முறை வருகிறது, நோயோ தோலில் தொடங்குகிற ஒருவகை ரத்தச் செல் புற்றுநோய். பயோஜெனிக் கிரானுலோமா என்பது பெயர்ப்படி சீழ் உண்டாக்குகிற கிரானுலோமா, அதாவது அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சு, உண்மையில் சீழும் இல்லை கிரானுலோமாவும் இல்லை, தொட்டால் ரத்தம் வடிகிற ரத்தநாளக் கட்டி. லூப்பஸ் என்றால் லத்தீனில் ஓநாய், கடித்துக் குதறியதுபோன்ற புண்களுக்கு வைத்த பெயர். இன்று லூப்பஸ் வல்காரிஸ் தோலில் வரும் காசநோய், லூப்பஸ் எரித்திமட்டோசஸ் உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குகிற நோய். பெயரின் முன்பாதி ஒன்று என்பதால் இரண்டையும் உறவாக நினைத்தால் மருந்தே மாறிவிடும்.

இதில் என்னை நெகிழ வைக்கிற ஒன்று புழு. டீனியா என்ற லத்தீன் சொல்லுக்குப் புழு, துணியை அரிக்கிற அந்துப்பூச்சி என்று பொருள். ஆங்கிலத்தில் அதையே வளையப் புழு என்கிறார்கள். முகப்பருவின் கரும்புள்ளிக்குக் காமிடோ என்று பெயர், லத்தீனில் பெருந்தீனிக்காரன், பிதுக்கினால் வருவது உடம்பைத் தின்கிற புழு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தமிழில் நாம் வட்டமாக முடி கொட்டுவதைப் புழுவெட்டு என்கிறோம். இந்த மூன்றிலும் புழுவே கிடையாது. ஒன்று பூஞ்சை, ஒன்று எண்ணெய்ப் பசையும் கெரட்டினும் அடைத்த துளை, ஒன்று எதிர்ப்பாற்றல் முடியின் வேரைத் தாக்குவது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ அரிக்கிறது என்று ஒவ்வொரு மொழிக்காரரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அதனால்தான் தமிழ்ச் சொல்லையும் மருத்துவச் சொல்லையும் ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திப் பட்டியல் போடாதீர்கள் என்கிறேன். தேமல் என்று நோயாளி சொன்னால் அது பூஞ்சையால் வருகிற பிட்டிரியாசிஸ் வெர்சிகலராகவும் இருக்கலாம், குழந்தைகளின் கன்னத்தில் வெளுப்பாக வருகிற பிட்டிரியாசிஸ் ஆல்பாவாகவும் இருக்கலாம். பிட்டிரியா என்றால் தவிடு, இரண்டிலும் தவிடுபோல மெல்லிய செதில் இருக்கும், பொது அவ்வளவுதான். படை என்பது டீனியாவாகவும் இருக்கலாம், சொரியாசிஸாகவும் இருக்கலாம். பக்கவாட்டில் பட்டையாக எரிச்சலோடு கிளம்புகிற அக்கி மட்டும் ஓரளவு சரியாக ஹெர்பிஸ் சோஸ்டரோடு பொருந்தும். ஹெர்பிஸ் ஊர்ந்து போவது, சோஸ்டர் இடுப்புப் பட்டை, ஒரு நரம்பு பரவியிருக்கிற பட்டைக்குள்ளேயே நிற்பதால் அந்தப் பெயர். அந்தப் பட்டைக்கு டெர்மடோம் என்று பெயர், அறுவை அரங்கில் தோலை மெல்லியதாகச் சீவி எடுக்கிற கருவிக்கும் அதே பெயர், சூழலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே குறித்து வையுங்கள், மொழிபெயர்ப்பை மருத்துவரிடம் விடுங்கள்.

சொரியாசிஸ் என்று கேட்கும்போது நம் 'சொறி' காதில் விழுகிறது. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, ஆனால் கிரேக்க 'சோரா'வுக்கும் சொறி, அரிப்பு என்றுதான் பொருள், ஆகவே நினைவு வைத்துக்கொள்ள உதவும். எழுதும்போது ஆங்கிலத்தில் முன்னால் ஒலிக்காத 'பி' ஒன்று நிற்கிறது, அகராதியில் தேடும்போது அது தெரியாமல் தவிப்பார்கள்.

விட்டிலிகோவை வெண்குஷ்டம் என்று சொல்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தொழுநோய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொழுநோயை உண்டாக்குகிற கிருமியை 1873இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டுபிடித்தார், அதற்கு முழுதாகக் குணமாக்குகிற மருந்தும் இருக்கிறது. விட்டிலிகோவில் கிருமியே இல்லை, நிறமி உண்டாக்குகிற செல்கள் அழிந்துபோகின்றன, யாருக்கும் தொற்றாது. ஒரு தவறான பெயரால் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருக்கிறார்கள். வெண்புள்ளி என்ற நல்ல சொல் இருக்கிறது.

ஐந்தாம் படி: உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள்

நகச் சொற்களுக்குப் புத்தகம் வேண்டாம். கட்டைவிரலை வெளிச்சத்தில் நீட்டுங்கள். அடியில் வெள்ளையாகப் பிறைபோலத் தெரிவது லூனுலா, லத்தீனில் குட்டி நிலா. அதை ஒட்டி நகத்தின் மேல் ஏறி நிற்கிற மெல்லிய தோல் கியூட்டிக்கிள். கண்ணுக்குத் தெரியாமல் அதற்குப் பின்னால் நகம் பிறக்கிற இடம் மேட்ரிக்ஸ். நீங்கள் பார்க்கிற கெட்டியான பகுதி நெயில் பிளேட், அது படுத்திருக்கிற இளஞ்சிவப்புச் சதை நெயில் பெட். நுனிக்கு அடியில் நகமும் தோலும் சேருகிற இடம் ஹைப்போனிக்கியம், நகத்துக்குக் கீழே என்று பொருள். பக்கங்களில் உள்ள மடிப்பு நெயில் ஃபோல்ட், அங்கே வீங்கிச் சீழ் பிடித்தால் பரோனிக்கியா, நம் நகச்சுற்று.

இப்போது நோய்ப் பெயர்களை நீங்களே பிரிக்கலாம். லூக்கோனிக்கியா வெள்ளை நகம். கொய்லோனிக்கியா குழிந்த நகம், ஒரு சொட்டு நீர் விட்டால் கரண்டியில் நிற்பதுபோல நிற்கும், இரும்புச் சத்துக் குறைவில் பார்க்கலாம். ஆனிக்கோமைக்கோசிஸ் நகப் பூஞ்சை. ஆனிக்கோகிரிப்டோசிஸ் சதைக்குள் புதைந்து வளர்கிற நகம், கிரிப்டோ என்றால் மறைந்தது. ஆனிக்கோலைசிஸ் நகம் நுனியிலிருந்து பிரிவது, ஆனிக்கோமடீசிஸ் அடியிலிருந்து பிரிவது.

நகத்தின் குறுக்கே பள்ளமான கோடு விழுந்திருந்தால் அதற்கு போ கோடுகள் என்று பெயர், 1846இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போவின் பெயரில். கடுமையான காய்ச்சலோ பெரிய நோயோ வந்தபோது மேட்ரிக்ஸ் சில நாள் வேலையை நிறுத்திவிடுகிறது, அந்த இடைவெளிதான் பள்ளம். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். பள்ளம் கியூட்டிக்கிளில் இருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் அந்த உடம்பு ஏதோ பெரிய பாடுபட்டிருக்கிறது. ஓர் அறிக்கையில் 'போஸ் லைன்ஸ்' என்று வந்தால் அதே அறிக்கையின் மேலே பழைய நோய் ஏதாவது குறிப்பிட்டிருக்கிறதா என்று நான் எப்போதும் திரும்பிப் பார்ப்பேன்.

முடிக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. வளரும் பருவம் அனாஜென், மாறும் பருவம் கேட்டாஜென், ஓய்வுப் பருவம் டெலோஜென். பிரசவத்துக்குப் பின்னோ கடும் காய்ச்சலுக்குப் பின்னோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது டெலோஜென் எஃப்ளூவியம், எஃப்ளூவியம் என்றால் வழிந்தோடுவது. நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்புதான். முடி இல்லாமல் போவது அலோப்பீசியா, கிரேக்கத்தில் நரிக்கு உள்ள சொல்லில் இருந்து வந்தது, சொறி பிடித்த நரிக்கு முடி கொட்டுவதைப் பார்த்து வைத்த பெயர். அலோப்பீசியா ஏரியேட்டா வட்ட வட்டமாக, டோட்டாலிஸ் தலை முழுக்க, யுனிவர்சாலிஸ் உடம்பு முழுக்க. ஹிர்சுட்டிசம், ஹைப்பர்ட்ரைக்கோசிஸ் இரண்டையும் கலக்காதீர்கள்: முன்னது பெண்களுக்கு ஆண்களைப்போல மீசை, தாடி இடங்களில் வளர்வது, பின்னது யாருக்கும் எந்த இடத்திலும் அளவு மீறி வளர்வது.

ஆறாம் படி: ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: 'மல்டிபிள் வெல் டிஃபைன்ட் எரித்திமேட்டஸ் ஸ்கேலி பிளேக்ஸ் ஓவர் தி எக்ஸ்டென்சர் ஆஸ்பெக்ட் ஆஃப் போத் எல்போஸ், நெயில் பிட்டிங் பிரசென்ட், ஆஸ்பிட்ஸ் சைன் பாசிட்டிவ்.'

பின்னாலிருந்து ஆரம்பிக்காமல் முதலில் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள். பிளேக்ஸ், ஆகவே மேடானது, அகலமானது, ஒன்றுக்கு மேற்பட்டது. ஸ்கேலி, மேலே செதில் இருக்கிறது. எரித்திமேட்டஸ், சிவந்திருக்கிறது. இதில் ஒரு விஷயம்: கறுத்த தோலில் இந்தச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும், அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் தவறு என்று திருத்திவிடாதீர்கள். வெல் டிஃபைன்ட், எல்லை தெளிவாக இருக்கிறது, பேனாவால் சுற்றி வரைந்துவிடலாம். எக்ஸ்டென்சர் ஆஸ்பெக்ட், முழங்கையின் வெளிப்பக்கம், மேஜையில் ஊன்றுகிற பக்கம். பிட்டிங், நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள். ஆஸ்பிட்ஸ் சைன், செதிலை உரித்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்ப்பது. இவ்வளவையும் கோத்தால் மருத்துவர் அடுத்த வரியில் சொரியாசிஸ் என்று எழுதப்போகிறார் என்பது வருவதற்கு முன்பே தெரியும். நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை, ஆனால் அடுத்த வரியில் 'ஸ்கேபிஸ்', அதாவது சிரங்கு, என்று காதில் விழுந்தால் நிறுத்தி மறுபடி கேட்கிற அறிவு வந்துவிடும். அதற்காகத்தான் இவ்வளவும்.

பயிற்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வேர். அதன் கீழே அந்த வேர் வருகிற சொற்களை அன்றன்று பார்க்கும்போது மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள், மொத்தமாக எங்கிருந்தோ பார்த்து எழுத வேண்டாம். பன்மையையும் கூடவே எழுதுங்கள்: புல்லா, புல்லே. நீவஸ் (மச்சம்), நீவை. பெட்டீக்கியா, பெட்டீக்கியே. காமிடோ, காமிடோனீஸ்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வரி, கீழே படிக்கும்முன் நீங்களே பிரித்துப் பாருங்கள்: 'நான் பிளாஞ்சிங் பெட்டீக்கியே ஆன் போத் லெக்ஸ், நோ ப்ரூரைட்டஸ்.'

பிளாஞ்சிங் என்றால் அழுத்தினால் வெளுப்பது, முன்னால் நிற்கிற ஆங்கில 'நான்' என்றால் இல்லை. கண்ணாடித் துண்டாலோ விரலாலோ அழுத்தினாலும் நிறம் போகவில்லை, ஆகவே இது ரத்தநாளம் விரிந்த சிவப்பு இல்லை, ரத்தம் நாளத்தை விட்டு வெளியே கசிந்திருக்கிறது. பெட்டீக்கியே என்பது குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள், கொஞ்சம் பெரிதானால் பர்ப்யூரா, இன்னும் பெரிய ரத்தக்கட்டுத் திட்டானால் எக்கிமோசிஸ். இரண்டு காலிலும் இருக்கிறது, அரிப்பு இல்லை. காய்ச்சலோடு இப்படி வந்தால் மருத்துவர்கள் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார்கள், அதனால் இந்த வரியில் 'நான்' என்கிற இரண்டெழுத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.